இடது கால் பற்றிய கோப்பு

எங்கள் செக்‌ஷனில் அவருக்கு அக்காஜி என்று பெயர். தமிழர்கள் நாங்கள் மூன்று பேர் ‘அக்கா’ என்று கூப்பிட்டோம். மற்றவர்கள் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு ‘ஜி’யைச் சேர்த்துவிட்டார்கள். மேலதிகாரி ஒருவரே ஒருமுறை இன்டர்காமில், “அக்காஜி சீட்டில் இருக்கிறாரா?” என்று கேட்டிருக்கிறார்.

பாளையங்கோட்டைக்காரர். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. டெல்லிக் குளிருக்குப் பருத்திப் புடவையின் மேல் கணவரின் பழைய ராணுவ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த கம்பளிச் சாக்ஸும் செருப்புமாக வருவார். மத்திய அமைச்சகம் ஒன்றில் அவர் செக்‌ஷன் ஆபீசர், நான் அவருக்குக் கீழே அசிஸ்டென்ட். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கு மேல்வீடு என்னுடையது. என்னைவிட மூன்று வயது பெரியவர். அலுவலகத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்; கேட்டைத் தாண்டிவிட்டால் நெல்லைப் பக்கத்து ‘ஏட்டி’தான்.

வாய்ப்பேச்சை அவர் நம்பமாட்டார் என்று செக்‌ஷனில் சொல்வார்கள். அது சரியில்லை. யார் எதைச் சொன்னாலும் சந்தோஷமாகக் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, “நல்லதுங்க. இத அப்படியே எழுத்துல குடுத்துருங்க” என்பார். இந்தியிலும் அதையேதான் சொல்வார், இங்கிலீஷிலும் அதையேதான் சொல்வார். சிலிண்டர் இன்றைக்கு இல்லை என்று சொல்லும் கேஸ் ஏஜென்சிக்காரரிடமும், அமைச்சரின் தனிச்செயலரிடமும் ஒரே குரலில் சொல்வார்.

எங்கள் டைரக்டர் ஒருவர் இருந்தார். வாயாலேயே நிர்வாகம் செய்பவர். டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி, தன் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பதால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தாள். டைரக்டர் அக்காவைக் கூப்பிட்டு, “முடியாதுன்னு நோட் போடுங்க” என்றார்.

“என்ன காரணம்னு போடட்டும் சார்?”

“காரணம் என்ன காரணம்? ரிஜெக்ட் பண்ணுங்க, அவ்வளவுதான்.”

அக்கா சரி என்று வந்து உட்கார்ந்தார். ‘விண்ணப்பத்தை நிராகரிக்கும்படி டைரக்டர் வாய்மொழியாக உத்தரவிட்டார். காரணம் தெரிவிக்கப்படவில்லை. கோப்பில் காரணத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டுகிறேன்’ என்று உருண்டை உருண்டையான கையெழுத்தில் எழுதி மேலே அனுப்பினார். கோப்பு நான்கு நாள் டைரக்டர் அறையில் கிடந்தது. ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது, ‘ஒப்புதல் அளிக்கப்படுகிறது’ என்று இருந்தது. டைப்பிஸ்ட் பெண் அழுதுகொண்டே லட்டு கொண்டுவந்தாள். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

எல்லா நேரமும் இது ரசிக்கும்படி இருக்காது. சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்று அவர் கணவர் ஒருமுறை சொல்லப்போக, அதை எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டார். சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். “ராணுவத்துலகூட நான் இத்தன கையெழுத்துப் போட்டதில்லம்மா” என்று என்னிடம் வந்து முறையிட்டார். எனக்கும் ஒருமுறை நடந்தது. அக்கா லீவில் ஊருக்குக் கிளம்பியபோது அவர் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆசையாகச் சொன்னதுதான். “ஒரு வரி எழுதிக் குடுத்துரு ஏட்டி” என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தவர், நான் பேசாமல் இருப்பதையே கவனிக்காதவர் போல மாடியேறி வந்து அல்வாப் பொட்டலத்தை நீட்டினார். அதற்குமேல் எப்படிக் கோபமாக இருப்பது?

இப்போது பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார். போன வாரம்கூட ஃபோனில் பேசினோம். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ஜனவரி ஞாயிறும் அவருடைய இடது காலும்தான்.

டெல்லியில் ஜனவரியில் வெயில் வருவதே ஒரு விசேஷம். குவார்ட்டர்ஸ் நடுவிலிருக்கும் பூங்காவில் பாயைப் போட்டுக்கொண்டு நானும் அவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். காலுக்கும் கொஞ்சம் வெயில் படட்டும் என்று அக்கா சாக்ஸைக் கழற்றிவிட்டுப் புடவையைக் கொஞ்சம் உயர்த்தினார். இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், எலும்பை ஒட்டி, மூன்று புடைப்புகள். ஒன்று நான் கையில் வைத்திருந்த பட்டாணி அளவு, மற்ற இரண்டும் அதைவிடச் சின்னது. நாவல்பழத் தோலின் நிறம்.

“இது என்னக்கா?”

“தெரியலயே. பத்து நாளா இருக்கு.”

“கொசுக்கடியா இருக்கும். சொறிஞ்சிருப்பீங்க. விடுங்கக்கா.”

இந்த ‘விடுங்கக்கா’வை நான் பின்னால் எத்தனையோ முறை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

அவர் அந்தப் பெரிய புடைப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினார். “சொறியவே இல்லட்டி. அரிச்சாத்தானே சொறிய? வலியும் இல்ல. அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அரிச்சா கொசுன்னு சொல்லலாம். வலிச்சா கட்டின்னு சொல்லலாம். ரெண்டும் இல்லாம இது என்னத்துக்கு வந்து உக்காந்துருக்கு?”

மறுநாள் காலனி டாக்டரிடம் போனார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே பார்த்து, பூச்சி கடித்துச் சீழ் பிடிக்கப் பார்க்கிறது என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். ஐந்து நாள் கழித்து நான் கீழே போனபோது, சாப்பாட்டு மேஜையில் ஒரு கோப்பு இருந்தது. அசல் ஆபீஸ் கோப்பு மாதிரியே நாடா போட்டுக் கட்டியது. உள்ளே, நாங்கள் ஆபீசில் குறிப்பு எழுதும் அதே மாதிரிப் பச்சைத் தாள். கடையில் வாங்கியதாம், ஆபீஸ் தாளைச் சொந்த வேலைக்கு எடுப்பாரா அவர்? மேலே, ‘பொருள்: இடது கால், முழங்காலுக்குக் கீழே மூன்று புடைப்புகள்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். கீழே பத்தி எண் போட்டு இங்கிலீஷில் குறிப்புகள். ஸ்கேலை வைத்து அளந்து, ஒவ்வொன்றின் நீள அகலம். புடைப்பின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்த படமும் இணைக்கப்பட்டிருந்தது.

நான்காம் பத்தி இப்படி இருந்தது: ‘மாத்திரை முடிந்தது. முதல் புடைப்பு இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துள்ளது. மாத்திரைக்கும் புடைப்புக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை.’

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கால் மேல ஃபைல் ஓப்பன் பண்ண ஒரே ஆள் நீங்கதான்க்கா.”

“சிரிச்சுக்கோ” என்றார். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து ஒரு தோல் டாக்டர். தனியார் கிளினிக், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். அவர் அலட்சியமாகப் பார்க்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தார், மேல்தோலில் கொஞ்சம் சீவி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். மோசமாக எதுவும் இல்லை, வெறும் வீக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. தடவுவதற்கு ஒரு கிரீம் கொடுத்து மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்த மூன்று வாரத்தில் கோப்பில் ஏழு பத்திகள் ஏறின. மூன்று ஐந்தானது. ஐந்தில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, பக்கத்துத் தோல் இறுகிப் பளபளவென்று ஆனது. அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரி என்றாலே கை நடுங்கும் என்பதால் அக்காவோடு நான்தான் இரண்டாம் முறை போனேன்.

டாக்டர் காலைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

“ரிப்போர்ட் சுத்தமா இருக்கு மேடம். கவலைப்பட ஒண்ணுமே இல்லை. கிரீமை இன்னும் ஒரு மாசம் போடுங்க.”

“அச்சா டாக்டர் சாப். ரொம்ப சந்தோஷம்” என்றார் அக்கா. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அதை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. இந்தப் புடைப்புகள் ஆபத்தானவை இல்லை, மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லைன்னு.”

டாக்டரின் முகம் மாறியது. “நீங்க என்னை நம்பலையா?”

“நம்புறேன் டாக்டர். நம்பாத டாக்டர்கிட்ட எழுத்து வாங்கி நான் என்ன செய்ய?”

“மேடம், நான் இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன். இந்த மாதிரி யாரும் கேட்டதில்லை.”

அக்கா கோப்பைத் திறந்து பட்டர் பேப்பர் படங்களை மேஜையில் வரிசையாக வைத்தார். நாளாக நாளாக ஊறிப் பரவும் மசிக்கறையைப் போல அவை பெரிதாகிக்கொண்டே போயின. கோபத்தோடு பேனாவை எடுத்த டாக்டர், லெட்டர்ஹெட்டில் அக்காவின் பெயரையும் வயதையும் எழுதினார். ‘ஆபத்தான’ என்ற வார்த்தை வரைக்கும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். பேனா நின்றுவிட்டது.

வெளியே யாரோ இருமினார்கள். டாக்டர் படங்களைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்து, அக்காவின் கால் பக்கம் தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு விரலால் புடைப்பின் அடிப்பாகத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு தொடை இடுக்கில் கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அங்கேயும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி நாற்காலிக்குப் போனவர், எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினார். ‘உடனடியாக ஆழமான பயாப்ஸி தேவை’ என்று பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவுக்குக் கடிதம். அதைக் கொடுக்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கே போங்க மேடம். தள்ளிப்போடாதீங்க.”

ஆட்டோவில் வரும்போது, “எப்படிக்கா தைரியமா கேட்டீங்க?” என்றேன்.

“தைரியம் என்னட்டி தைரியம். வாயால சொல்லுதப்போ மனுஷன் அடுத்த வேலைய நெனச்சுக்கிட்டே சொல்லிருவான். பேனாவ எடுத்தாம்னா ஒரு நிமிஷம் நிக்கணும்லா? எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் வேணும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஹரியானாக்காரி. மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு உள்ளே போனோம். அக்காவின் கோப்பை வாங்கி முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்திவரை அவர் நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும், “ஆன்ட்டி, இதை எனக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுப்பீங்களா?” என்றார். அந்த நொடியிலேயே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

இந்த முறை கத்தி கொழுப்பு வரைக்கும் இறங்கியது. நான்கு தையல். முடிவு வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அக்கா ஆபீசுக்கு வந்தார், ஒரு கோப்பைக்கூடத் தேக்கிவைக்கவில்லை.

முடிவைச் சொல்ல அந்தப் பெண் டாக்டர் எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார். லிம்ஃபோமா என்றார். ரத்தத்தில் நோயை எதிர்த்துப் போராட வேண்டிய செல்களிலேயே வரும் புற்றுநோய். வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டிய மாதிரி வரும். சிலருக்குத் தோலில் வரும். வேகமாக வளரும் வகை இது. கொப்புளம் மாதிரியும் பூச்சிக்கடி மாதிரியும் இருப்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை உண்டு என்றும் சொன்னார்.

“போன ரிப்போர்ட்ல ஏன் தெரியல?” என்று நான் கேட்டேன்.

“மேல்தோலை மட்டும் சீவியிருக்காங்க. இந்த நோய் மேல்தோலைத் தொடாமல் கீழேதான் உட்கார்ந்திருக்கும். வீட்டின் கூரையை மட்டும் பார்த்தால் உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியாது, இல்லையா?”

அக்கா ஸ்கேன் எடுக்கவேண்டிய நாளை மட்டும் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி பால்கனியில் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் கோப்பு திறந்திருந்தது. ‘பத்தி 19’ என்று எண் போட்டிருந்தார். பக்கத்தில் ஒன்றும் இல்லை. அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடி கழற்றிய பேனா. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று தெரியவில்லை.

“எழுத வரமாட்டேங்குது ஏட்டி.”

அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. இருபத்தெட்டு வருடம் பிறர் எழுதத் தயங்கியதையெல்லாம் எழுத வைத்தவர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ எழுது” என்று கோப்பை என் பக்கம் தள்ளினார். “நான் சொல்லுதேன்.”

அவர் சொல்ல நான் எழுதினேன். தோலில் வந்துள்ள லிம்ஃபோமா. வேகமாக வளரும் வகை. சிகிச்சை உண்டு. அந்த மூன்றாவது வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதுதானே என்று நானாகச் சேர்த்தேன். அக்கா படித்துப் பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்து, “இது யாரு சொன்னா?” என்றார்.

“டாக்டர் சொன்னாங்கல்லக்கா. உங்க காதுல விழல.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார். போட்டதும் அழுதார். அண்ணாச்சி உள்ளே ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுது முடித்த அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, என்ன செய்யணுமோ செஞ்சுருவோம். ஏட்டி, நீ சாப்ட்டியா?” என்றார்.

ஸ்கேனில் நோய் இருக்கும் இடம் ஒளிருமாம்; காலும் தொடை இடுக்கிலிருந்த ஒரு நெறிக்கட்டியும்தான் ஒளிர்ந்தன. வயிறு, நெஞ்சு, எலும்பு எல்லாம் சுத்தம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். ஏப்ரலில் தொடங்கியது. முதல் நாள் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து இறங்குவதைப் பார்த்து, “ரோஸ் சர்பத் மாதிரில்லா இருக்கு” என்றார். அடுத்த நான்கு நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

மே மாதம் டெல்லி கொதித்தது. அக்காவுக்கு ஒரு முடி மிச்சமில்லை, புருவம்கூட. தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். முடிந்த நாளெல்லாம் ஆபீசுக்கு வந்தார். ‘உங்கள் வசதிக்காக’ அவரை வேலை இல்லாத ஒரு மூலைக்கு மாற்றிவிடலாம் என்று டைரக்டர் வந்து கனிவாகச் சொன்னார். அக்கா வாயைத் திறப்பதற்குள், “வேண்டாம், வேண்டாம், சும்மா ஒரு யோசனைதான்” என்று அவரே திரும்பிப் போய்விட்டார். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. அக்காவுக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து அடங்கியது.

மூன்றாம் முறை மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் இரண்டு நாள் அவருக்கு எங்களையே அடையாளம் தெரியவில்லை. அண்ணாச்சி வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கோப்பில் அவரே காய்ச்சலைக் குறித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றால் கை நடுங்குகிறவர், அந்த நடுங்கும் கையாலேயே மணிக்கு மணி எழுதியிருந்தார். கண் தெளிந்ததும் அக்கா, முதல் வேலையாகக் கோப்பை வாங்கிப் படித்துவிட்டு, “நாலு மணிக்கு ஏன் குறிப்பு இல்ல?” என்று கேட்டார். மனிதருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. “டீ குடிக்கப் போயிருந்தேன்” என்றார்.

புடைப்புகள் தட்டையாகிக்கொண்டு வந்தன. முதலில் நிறம் வெளுத்தது. பிறகு இறுக்கம் தளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலைக் கொண்டுவரச் சொன்னார். காலில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அளக்க ஒன்றும் இல்லை. பழுப்பாக ஒரு தழும்பு மட்டும். ‘பத்தி 46: உயரம் – பூஜ்யம்’ என்று எழுதிவிட்டுக் குழந்தை மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் படிக்க வைத்தார்.

தீபாவளிக்கு முன்னால் எடுத்த கடைசி ஸ்கேனில் எங்கேயும் எதுவும் ஒளிரவில்லை. ஹரியானா டாக்டர் அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவின் தலையில் அப்போதுதான் முள் முள்ளாக முடி வந்துகொண்டிருந்தது. “குத்துதா?” என்று கேட்டார்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு கூட்டம் நடந்தது. நகரத்துத் தோல் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் அவ்வப்போது ஓரிடத்தில் கூடி, அபூர்வமான நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்களாம். அக்காவை நேரில் அழைத்துவர முடியுமா என்று ஹரியானா டாக்டர் ஃபோனில் கேட்டார். அக்கா முறையான அழைப்புக் கடிதம் வந்த பிறகே சம்மதித்தார். நல்ல மைசூர் பட்டு கட்டிக்கொண்டார். துணைக்கு நானும் போனேன்.

பெரிய அரங்கம். நூறு பேர் இருக்கும். திரையில் அக்காவின் கால். ஹரியானா டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த வெள்ளைத் தலைப் பேராசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். “முதல் புடைப்பு வந்ததிலிருந்து எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது? நோயாளிகள் சொல்வதை வைத்துச் சொல்லாதீர்கள். பதிவு இருக்கிறதா?”

டாக்டர் தன் தாள்களைப் புரட்டுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். “பதிவு இருக்கு சார்.”

யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா கோப்பின் நாடாவை அவிழ்த்து, முதல் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அந்த நெல்லை இங்கிலீஷில், ஆபீசில் படிக்கும் அதே குரலில். நீளம், அகலம், உயரம், நிறம். மாத்திரைக்கும் புடைப்புக்கும் தொடர்பில்லை என்ற இடத்தில் அரங்கமே சிரித்தது. பத்தி பத்தாகி, பதினைந்தாகி வரும்போது ஒருவரும் அசையவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் பத்தி வரைக்கும் படித்து நிறுத்தினார். அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். அந்தத் தனியார் கிளினிக் டாக்டர். அவர் அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியாது.

“அந்தக் கிரீமைக் கொடுத்தவன் நான்தான்” என்றார். “ஒன்றுமில்லை என்று வாயால் சொல்லிவிட்டேன். இவர் எழுதித் தரச் சொன்னார். என்னால் எழுத முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன்னால், எனக்கு நானே ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன். இந்த ஒரு வருடத்தில் மூன்று பேருக்கு எழுத முடியாமல் நின்று, திரும்பக் கூப்பிட்டு ஆழமாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவருக்கு இதே நோய். இப்போது நன்றாக இருக்கிறார்.”

அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். யார் முதலில் கைதட்டினார்கள் என்று தெரியாது. பேராசிரியர் எழுந்து நின்றார், பின்னாலேயே வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். எனக்குத் திரை, விளக்கு எல்லாம் நீருக்குள் தெரிவதுபோலத் தெரிந்தது. அக்கா மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்பதுபோல நின்றார். ஓய்ந்ததும், “டாக்டர் சாப் அன்னைக்கு நினைச்சிருந்தா எழுதிக் குடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் பேனாவைக் கீழே வச்சாரு. அதனாலதான் நான் இங்க நிக்கேன்” என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார்.

பிறகு பட்டுப் புடவையைக் கெண்டைக்கால் வரைக்கும் உயர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“படத்தை மட்டும் பாத்துட்டுப் போகாதீங்க. வாங்க, தொட்டுப் பாருங்க.”

மாணவர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, அந்தப் பழுப்புத் தழும்பின் மேல் விரலை வைத்தார்கள். “நல்லா அழுத்துங்க பேட்டா, உடைஞ்சிர மாட்டேன்” என்று அக்கா இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார். ஜல்தி, ஜல்தி, மெட்ரோவில் கூட்டம் ஏறுவதற்குள் நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். அந்தப் பேராசிரியரும் கடைசியாக வந்து, தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்.

ஒருவர் விரலுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.